ஆண்கள்: டீசன்ட்டாக

நேர்முக அறிவிப்பில் பெண்களுக்கு ஆறு வரி எழுதியிருந்தார்கள். வெளிர் நிறத்தில் காட்டன் புடவை அல்லது சுடிதார். துப்பட்டாவின் இரு பக்கமும் பின் குத்தியிருக்க வேண்டும். கூந்தல் வலைக்குள் கொண்டை. காதில் பொட்டுக் கம்மல் மட்டும். வளையல், கொலுசு, நகப்பூச்சு கூடாது. குதிகால் உயராத செருப்பு. அதற்குக் கீழே ஆண்களுக்கு ஒரே சொல்: டீசன்ட்டாக.

கணேசமூர்த்தி அந்த ஒரு சொல்லை நான்கு நாளாகச் செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். பெரிதாக்கினால் எழுத்துதான் பெரிதாயிற்று. பெண்களைக் கட்டிப்போட்ட மருத்துவமனை ஆண்களுக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டதே என்று வெளியாட்கள் பொறாமைப்படலாம். உள்ளே இருந்தவர்களுக்கு விஷயம் புரியும். நர்ஸ் வேலைக்கு ஆண்களும் வருவார்கள் என்பது, அறிவிப்பைத் தட்டச்சு செய்தவருக்குக் கடைசி நிமிஷத்தில் நினைவு வந்திருக்கிறது; அதற்குள் தாளில் இடம் தீர்ந்துவிட்டது.

அவனுக்கு முப்பத்து மூன்று வயது. ஊத்தங்கரைக்காரன். ப்ளஸ் டூவில் வாங்கிய மதிப்பெண்ணுக்கு இன்ஜினீயரிங்கே கிடைத்தது. ஆனால் அவன் தெருவில் மூன்று இன்ஜினீயர்கள் பகலில் வீட்டில் இருந்தார்கள். நர்ஸுக்குப் படித்த ஒரே ஒருவன் மஸ்கட்டில் இருந்தான். அப்பா இதைக் கவனித்து முடிவெடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். கணேசமூர்த்தியும் அவர்களோடு கொஞ்சம் சிரித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்குப் பஸ் ஏறினான்.

படிப்பு முடிந்து ஒன்பது வருடம் அங்கேயே ஆடுகோடியில் ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்த்தான். முப்பது படுக்கை. ஆண் நர்ஸை இந்த ஊரில் 'பிரதர்' என்று கூப்பிடுவார்கள்; டாக்டரும் அப்படித்தான், நோயாளியும் அப்படித்தான், நோயாளிக்கு இட்லி கொண்டுவரும் மைத்துனரும் அப்படித்தான். ஊசி குத்தக் குத்த நரம்பு அகப்படாத கிழவிகள் மூன்றாவது குத்தில் "அந்த பிரதர கூப்புடும்மா" என்று சொல்லிவிடுவார்கள். அவன் வந்து, கையைத் தன் உள்ளங்கையில் வாங்கி, இரண்டு விரலால் தடவி, பேச்சுக் கொடுத்தபடியே குத்திவிடுவான். அவர்கள் பேசி முடிப்பதற்குள் பிளாஸ்திரியும் ஒட்டியிருக்கும். ஒன்பது வருடத்தில் அவன் சேர்த்த சொத்து அந்த இரண்டு விரல்தான்.

நடுவில் கொரோனா வந்தது. அதில் அவன் எத்தனை பேரை இரட்டைப் பையில் போட்டு ஜிப் இழுத்தான் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அது போன பிறகு நர்சிங் ஹோமின் சொந்தக்கார டாக்டரின் மகன்கள் அமெரிக்காவிலிருந்து வந்து கட்டடத்தை விற்றார்கள். இப்போது அங்கே மெத்தைக் கடை. கட்டில்கள் வரிசையாக இருக்கின்றன. படுக்க ஆள் இல்லை. மூடிய அன்று சிஸ்டர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். கணேசமூர்த்தி ஸ்டோர் ரூமில் மீதமிருந்த ஊசிப் பெட்டிகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ் பிடித்து நீலசந்திரா வீட்டுக்கு வந்து சாப்பிட்டான்.

"வருத்தமா இல்லையாங்க?" என்றாள் தமயந்தி.

"தெரியல."

தமயந்தி அவன் மனைவி. அவளும் நர்ஸ்தான், பதினொரு வருடமாக. சர்க்கரை நோயாளிகளின் பாதத்தை நைலான் இழையால் தொட்டுத் தொட்டு, "தெரியுதா? இங்க தெரியுதா?" என்று கேட்பது அவள் தினமும் செய்கிற வேலை. தெரியவில்லை என்று சொல்கிறவர்களை அவள் அவசரப்படுத்துவதில்லை. குறித்துக்கொண்டு அடுத்த விரலுக்குப் போவாள். அவனையும் அப்படியே விட்டுவைத்தாள்.

அவளுக்கு மஸ்கட்டில் வேலை வந்தது. இருபத்தாறாம் தேதி விமானம். திட்டம் எளிமையானது: அவள் முன்னால் போவாள், ஒரு வருடத்தில் அவன் பின்னால் வருவான். வேலை வாங்கித் தந்த ஏஜென்சிக்காரர் மட்டும் அவன் காகிதங்களைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பேஷண்ட் பக்கத்துல இருந்து ரெண்டு வருஷம் விலகிட்டா என்னால உங்க பேப்பரை நகர்த்த முடியாது. இப்பவே பதினாலு மாசம் ஆச்சு."

"எட்டு மாசம் ஹோம் கேர்ல இருந்தேனே."

"லெட்டர்ல அட்டெண்டர்னு போட்டிருக்கான். செல்லாது. ஸ்டாஃப் நர்ஸ்னு ஒரு லெட்டர் வேணும் பிரதர். பெரிய ஆஸ்பத்திரியா இருந்தா நல்லது."

ஆக, அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் இந்த நேர்முகம். ரிங் ரோட்டில் ஒரு பெரிய மருத்துவமனை. டயாலிசிஸ் பிரிவில் ஆண்களுக்கு இரண்டு இடம். கிடைத்தால் ஒரு வருடத்தில் மஸ்கட். கிடைக்காவிட்டால் அவள் அங்கே, இவன் இங்கே, நடுவில் ஒரு கடல்.

"அரைக்கை சட்டை போட்டுக்கங்க" என்றாள் தமயந்தி. "அந்த வெளிர் நீலம். கறுப்பு பேண்ட்டு. நகம் வெட்டிக்கங்க. வாட்சு, மோதிரம், கையில கட்டின கயிறு எல்லாம் கழட்டிருங்க."

"அவ்ளோதானா?"

"முழங்கைக்குக் கீழ ஒண்ணும் இருக்கக் கூடாது. அதைத்தான் பாப்பாங்க."

"டீசன்ட்டான்னு போட்டிருக்கே."

"நீங்க டீசன்ட்டுதான். சட்டையும் அதுமாதிரி இருந்தாப் போதும்."

பதினொரு வருட நர்ஸ் வீட்டிலேயே இருந்து, கேட்காமலே சரியான பதிலைச் சொல்லியும்விட்டாள். கணேசமூர்த்தி அதை முழுக்க நம்பினான். நம்பிவிட்டு, தொம்மலூரில் இருக்கிற நண்பன் ரகுவிடம் போய்க் கேட்டான். ரகு மருந்துக் கம்பெனி ரெப். ஆண்பிள்ளை உடையைப் பற்றி ஆண்பிள்ளையிடம் கேட்பதுதான் முறை என்று ஒன்பது வருடம் பெண்களுக்கு நடுவே வேலை பார்த்தவனுக்கும் தோன்றியது என்பதுதான் இதில் விசேஷம்.

"மச்சான், அரைக்கை போட்டுட்டுப் போனா ஏசி ரிப்பேர்னு சொல்லி ஏணியக் குடுத்துடுவாங்க" என்றான் ரகு.

"நர்ஸ் வேலைக்குடா."

"எந்த வேலையா இருந்தா இன்னா? உள்ள போறப்பவே மேனேஜர் மாதிரி போவணும். பத்து வருஷமா நான் ஆஸ்பத்திரியிலதான நிக்கிறேன்."

"நீ வெளிய நிக்கிற."

"வெளிய நிக்கிறவனுக்குத்தான் உள்ள போறவன் டிரஸ்ஸு தெரியும்."

இப்படிச் சொல்லிவிட்டு பீரோவிலிருந்து ஒரு கருநீலக் கோட்டு, முழுக்கை வெள்ளைச் சட்டை, மெரூன் டை, மணிக்கட்டில் மாட்டுகிற பித்தளைப் பொத்தான் ஒரு ஜோடி என்று எடுத்துக் கட்டில்மேல் பரப்பினான். கோட்டு கணேசமூர்த்திக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. பொருந்தாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பான். ஏற்கெனவே இஸ்திரி போட்ட ஒன்று கையில் கிடைத்துவிட்டது, இனி யோசிக்க வேண்டாம் என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது. கொஞ்ச நாளாக யோசிக்காமல் இருக்க வழி காட்டுகிறவர்களிடம் அவனுக்கு ஒரு மரியாதை வந்திருந்தது.

காலையில் தமயந்தி வெளிர் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு அறைக் கதவில் மாட்டியிருந்தாள். அவன் கோட்டோடு வெளியே வந்தான்.

"யாருக்குக் கல்யாணம்?"

"ரகுவோடது."

"அவருக்குத்தான் ஆகிடுச்சே."

"கோட்டு ரகுவோடது."

அவள் கோட்டின் தோளைத் தட்டிவிட்டாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அது உண்மை; அவள் குரலில் இருந்த வருத்தமும் அதனால்தான். நீலச் சட்டையைக் கதவிலிருந்து எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாள். "சரி, போயிட்டு வாங்க."

மருத்துவமனை வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தான். "ரெப்பா? ரெப்ஸ் எல்லா மங்களவார. நால்கு கண்டெ மேலெ."

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு மேல் வரச் சொல்கிறான். "இண்டர்வியூ" என்றான் கணேசமூர்த்தி. "நர்ஸ்."

காவலாளி அவனை டையிலிருந்து ஷூ வரைக்கும், ஷூவிலிருந்து டை வரைக்கும் பார்த்தான். பிறகு, வந்தவர் சொன்னது காதில் சரியாக விழவில்லை என்று தனக்குத்தானே முடிவு செய்துகொண்டு, சல்யூட் அடித்து, நிர்வாக அலுவலகம் இருக்கும் ஐந்தாம் மாடிக்கு லிப்டில் ஏற்றிவிட்டான். அங்கே ஒரு பெண் தண்ணீர் கொடுத்து சோபாவில் உட்கார வைத்தாள். யாரைப் பார்க்க வந்திருக்கிறார் என்று அவள் கேட்க இருபது நிமிஷம் ஆயிற்று.

நேர்முகம் தரைத்தளத்தில், கான்டீனை ஒட்டிய கூடத்தில். அவன் நுழைந்தபோது முன்வரிசையில் வெளிர் மஞ்சளும் வெளிர் ரோஜாவுமாக உட்கார்ந்திருந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் எழுந்து நின்று, "குட் மார்னிங் சார்" என்றார்கள். அவனும் குட் மார்னிங் சொல்லிவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தான். அவர்கள் உட்கார்வதா வேண்டாமா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

பக்கத்து நாற்காலியில் கவின் என்று ஒரு சேலத்துக்காரன். வெளிர் நீல அரைக்கைச் சட்டை, கறுப்பு பேண்ட்.

"இப்படிப் போட்டுட்டு வரணும்னு யார் சொன்னாங்க?" என்று கேட்டான் கணேசமூர்த்தி.

"யாரும் சொல்லலண்ணா. தோய்ச்சது இதான் இருந்துச்சு."

இரண்டு மணி நேரம் கழித்து அழைத்தார்கள். மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். நர்சிங் கண்காணிப்பாளர் சிந்தியா, கோலார் தங்கவயல்காரர், ஐம்பதைத் தாண்டியவர், கையில் ஒரு நகை இல்லை. பக்கத்தில் எச்.ஆர். அதிகாரி சுஹாஸ், மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம். தமிழைக் கன்னடத்தின் வழியாகவும் இரண்டையும் ஆங்கிலத்தின் வழியாகவும் பேசுகிறவன். அவன் முன்னால் ஒரு படிவம் இருந்தது. அதில் தோற்றத்துக்கு ஐந்து மதிப்பெண்.

சுஹாஸ் நிமிர்ந்து பார்த்து மலர்ந்தான். அப்புறம் முகம் சற்றுச் சுருங்கியது. "ஸார், உங்க டை..."

கணேசமூர்த்தி குனிந்து பார்த்தான். டையின் நுனி சட்டையின் மூன்றாவது, நாலாவது பொத்தானுக்கு நடுவே உள்ளே போயிருந்தது. எப்போது சொருகினான் என்று அவனுக்கே தெரியாது. படித்த காலத்தில் டை கட்டி வார்டுக்குப் போன பழக்கம். கை தானாகச் செய்திருக்கிறது.

"ஏன் உள்ள விட்டிருக்கீங்க, பிரதர்?" என்றார் சிந்தியா.

"குனிஞ்சா தொங்கும் மேடம். பெட்பான்ல படும்."

சிந்தியா பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். "அப்ப டை எதுக்கு?"

இதற்குப் பதில் ரகுவிடம்தான் இருந்திருக்கும்.

"டயாலிசிஸுக்கு வந்திருக்கீங்க. ஃபிஸ்டுலா போட்ட கை. ஊசிக்கு முன்னாடி என்ன பாப்பீங்க?"

"கை வச்சுப் பாப்பேன் மேடம். ரத்தக் குழாய்களைச் சேத்துத் தச்ச இடத்துல அதிர்வு ஓடணும். தோல் செவந்திருக்கா, சூடா இருக்கான்னு பாப்பேன். அந்தக் கையில பிரஷர் பாக்க விடமாட்டேன்."

"அதிர்வு தெரியலன்னா?"

"குத்த மாட்டேன். டாக்டரைக் கூப்பிடுவேன்."

"பேஷண்டு அவசரப்பட்டா?"

"பேசிட்டு இருப்பேன். குத்த மாட்டேன்."

சிந்தியா தலையாட்டினார். மூலையில் இருந்த குழாயைக் காட்டி, "கை கழுவிக் காட்டுங்க" என்றார். எல்லாரையும் கேட்கிற கேள்வி. ஒரு நிமிஷத்து வேலை. கணேசமூர்த்தி கோட்டைக் கழற்றினான். எங்கே வைப்பது என்று பார்த்தான். சுஹாஸ் எழுந்து வந்து மாப்பிள்ளையிடம் வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டான். இடது மணிக்கட்டின் பித்தளைப் பொத்தான் கழன்றது. வலது மணிக்கட்டில் இருந்தது கழலவில்லை. அவன் திருகினான், பல்லால் கடித்து இழுத்தான். ஆயிரக்கணக்கான நரம்புகளைக் கண்டுபிடித்த இரண்டு விரலும் ஒரு பொத்தானைக் கண்டுபிடிக்க முடியாமல் வழுக்கின.

"உள்ள ஒருத்தருக்கு ரத்தம் போய்க்கிட்டு இருக்குன்னு வச்சுக்கங்க" என்றார் சிந்தியா. குத்தலாகச் சொல்லவில்லை, அவனுக்காக வருத்தப்பட்டே சொன்னார்.

பொத்தான் வந்தது. கை கழுவும் விதியின் ஏழு படியும் பிசகாமல் கழுவினான். அதற்குள் சுஹாஸ் கோட்டை நாற்காலி முதுகில் அழகாக மாட்டிவிட்டு அவன் விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

"தமிழ், கன்னடா, தெலுங்கு, உர்தூ... பெங்காலியுமா?"

"கொல்கத்தா பேஷண்ட்ஸ் நிறைய வருவாங்க. வலி, பசி, பயம் வரைக்கும் தெரியும்."

"ஸார், ஃப்ராங்க்கா சொல்றேன், உங்களை வார்டுல போடறது வேஸ்ட்டு." சுஹாஸ் முன்னால் சாய்ந்தான். "பேஷண்ட் கேர் கோஆர்டினேட்டர்னு ஒரு போஸ்ட்டு. வாசல் லாபியில. மெடிக்கல் தெரிஞ்சு, பாஷை தெரிஞ்சு, இப்படி பிரசென்டபிளா ஒருத்தர் வேணும்னு நாலு மாசமா தேடறோம். டே ஷிஃப்ட் மட்டும். நைட்டே கிடையாது. இப்பவே லெட்டர் எடுத்துடலாம்."

"டயாலிசிஸ்ல ரெண்டு இடம்னு..."

"இருக்கு" என்றார் சிந்தியா. "ஒண்ணு முடிஞ்சுது. இன்னொண்ணுக்கு இன்னும் நாலு பேரைப் பாக்கணும். உங்க பதில் நல்லா இருந்துச்சு. ஆனா சாயந்திரம்தான் சொல்ல முடியும், பிரதர். கிடைச்சாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும்."

"எனக்கு சாயந்திரம் வரைக்கும் டைம் இல்ல ஸார்" என்றான் சுஹாஸ். "மேல கேட்டுட்டே இருக்காங்க. நீங்க இல்லேன்னா லிஸ்ட்ல அடுத்த ஆள்."

"லெட்டர்ல என்னன்னு போடுவீங்க?"

"கோஆர்டினேட்டர்னு."

"நர்ஸ்னு போட முடியுமா?"

சுஹாஸ் சிரித்தான், அன்பாகத்தான். "நர்ஸ் இல்லையே ஸார் அது."

அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கணேசமூர்த்திக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது: இந்தக் காகிதம் எந்தக் கடலையும் தாண்டாது, நாற்காலியிலிருந்து எழுந்து, வெளியே கடைசி வரிசையில் சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்தால் போதும், உட்கார்ந்திருப்பது அவனுக்கு நன்றாக வருகிற காரியம். இந்த இடத்தில் உள்ளே ஏதாவது ஒன்று வேண்டாம் என்று சொல்லும் என்று காத்திருந்தான். மரத்துப்போன காலை ஊன்றிப் பார்ப்பது மாதிரி ஊன்றிப் பார்த்தான். தரை இருக்கிறது என்று தெரிந்தது, தொட்டதாகத் தெரியவில்லை. எதிரில் இருந்தவன் சந்தோஷமாகப் பதிலுக்குக் காத்திருந்தான். பதினாலு மாதத்தில் யாரும் அவனிடம் அப்படிக் காத்திருக்கவில்லை.

"எஸ்ஸா ஸார்?"

"எஸ்" என்றான்.

சிந்தியா அவன் கோப்பை மூடி, சான்றிதழ்கள் வெளியே வராமல் தட்டி ஒழுங்குபடுத்தி, தானே எழுந்து வந்து கையில் கொடுத்தார். "ஆல் தி பெஸ்ட், சார்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது தமயந்தி பெட்டியைத் தராசில் நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"டயாலிசிஸா?"

"லாபியில. டெஸ்க்கு."

அவள் பெட்டியை இறக்கி வைத்தாள். "லெட்டரக் குடுங்க." வாங்கி ஒருமுறை படித்தாள். நர்ஸ்கள் மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி, தனக்கு வேண்டிய சொல்லை மட்டும் தேடிக்கொண்டு. அது இல்லை.

"சாயந்திரம் வரைக்கும் இருந்திருக்கலாமே."

"இருந்திருக்கலாம்."

"ஏங்க இருக்கல?"

"கேட்டாங்க. சொல்லிட்டேன்."

தமயந்தி திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு எங்காவது பட்டிருக்குமோ என்னவோ. "இன்னும் பத்து மாசம் இருக்கு. வேற பாக்கலாம்" என்றாள்.

"பாக்கலாம்."

கடிதத்தை மடித்து அவன் சட்டைப் பையில் வைத்தாள். பெட்டி ஒரு கிலோ அதிகமாக இருந்தது. எதை எடுத்துவிடலாம் என்று இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் ஊறுகாயை எடுத்தார்கள். இருபத்தாறாம் தேதி விமான நிலையத்தில், உள்ளே போவதற்கு முன்னால், அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்க்கிறவர்கள் நாடி பார்க்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். பார்த்தாலும் பார்த்திருப்பாள்.

லாபி வேலையில் கஷ்டம் ஒன்றும் இல்லை. மருத்துவமனையே ஒரு கோட்டு கொடுத்தது. வழி சொல்ல வேண்டும், சிரிக்க வேண்டும், அறை மாற்றித் தர முடியாது என்பதை ஐந்து பாஷையில் இதமாகச் சொல்ல வேண்டும். நோயாளியின் உடம்பைத் தொடக் கூடாது என்பது மட்டும் பயிற்சியில் இரண்டு தடவை சொன்ன விதி. தொட்டு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? சரியான விதிதான். தமயந்தி தினம் ஒரு முறை கேட்பாள், வேறு எங்காவது பார்த்தீர்களா என்று. பார்க்கிறேன் என்று பதில் அனுப்புவான்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் மத்தியானம், ஸ்கேனுக்குப் போய்வந்த ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து லிப்டுக்கு முன்னால் விட்டுவிட்டு, தள்ளிவந்தவன் அடுத்த ஆளைக் கொண்டுவரப் போய்விட்டான். தலைக்குமேல் தொங்கிய டிரிப் பாட்டில் காலி. குழாயில் ரத்தம் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. உயிர் போகிற விஷயம் இல்லை. குழாயில் மாட்டியிருக்கும் சின்னச் சக்கரத்தைப் பெருவிரலால் கீழே உருட்டினால் நின்றுவிடும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம்.

பெரியவரின் மனைவி மேசைக்கு ஓடிவந்தார். "சார், ரத்தம் ஏறுது சார். ஒரு பிரதரக் கூப்புடுங்க சார்."

கணேசமூர்த்தி எழுந்து அவரோடு போனான். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான். குழாயைப் பார்த்தான். ரத்தம் இன்னும் ஒரு விரற்கடை ஏறியது. பிறகு மேசைக்குத் திரும்பிவந்து போனை எடுத்தான்.

"கிரவுண்ட் ஃப்ளோர் லாபி. டிரிப் முடிஞ்சிருக்கு. ஒரு பிரதர அனுப்புங்க."

"வருவாங்களா சார்?" என்றார் அந்த அம்மாள்.

"வருவாங்கம்மா" என்றான். மறுபடியும் போய்ப் பெரியவர் பக்கத்தில் நின்றுகொண்டான். பிரதர் வருகிறவரைக்கும் அவரோடு பேச்சுக் கொடுத்தான், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று. கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.